ஹைரம் பெர்சி மாக்சிம் – ஹாம்களை ஒன்று சேர்த்த மனிதர்

ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வகுப்பில் சொன்ன அன்றைக்கு, என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் ரொம்பக் குறைவு. பாக்கெட்டில் செல்போன் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கிற அண்ணனோடு முகம் பார்த்தே பேசலாம், இந்தக் காலத்தில் டிட் டா டிட் என்று தட்டிக்கொண்டு யாரிடம் என்னத்தைச் சொல்லப் போகிறாய் என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், ராத்திரி விடுதி மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து யோசித்தபோது, கேள்வி நியாயமாகவே பட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு மாசம் தொடவில்லை.

அதை மறுபடி திறக்க வைத்தது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் செத்துப்போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் ஹைரம் பெர்சி மாக்சிம். நம் பாடப் புத்தகத்தில் மார்க்கோனி வருவார், ஹெர்ட்ஸ் வருவார், ஆம்ஸ்ட்ராங் வருவார். இவர் வரமாட்டார். ஆனால் பொழுதுபோக்காக ரேடியோ நடத்தும் ஆள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும், இவருக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்தான். அந்தக் கதையை நம் மலரின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்பா ஒரு மேதை, வீட்டில் இல்லாத மேதை

பெர்சி மாக்சிம் 1869 செப்டம்பர் 2-ஆம் தேதி நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அப்பாவின் பெயரும் ஹைரம்தான்: ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். மாக்சிம் துப்பாக்கி என்று சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். தானாகவே சுட்டுத் தள்ளும் அந்த இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர் அவர்தான். பிற்காலத்தில் இங்கிலாந்து அவருக்கு சர் பட்டமே கொடுத்தது.

உலகத்துக்கு மேதை, வீட்டுக்கு விருந்தாளி என்பார்களே, அந்த ரகம். 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சிக்குப் போன அப்பா, பிறகு லண்டனிலேயே தங்கிவிட்டார். பெர்சிக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அம்மாவும் இரண்டு தங்கைகளும் இவரும் அமெரிக்காவிலேயே இருந்தார்கள். அப்பாவின் புகழ் கடல் தாண்டி வந்தது, அப்பா வரவில்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு கசந்து போகாமல், அந்த விசித்திரமான அப்பாவைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க ஒரு புத்தகமே எழுதினார் பெர்சி. அது 1936-இல் வெளிவந்தது.

அவருடைய படிப்பு நமக்கெல்லாம் சந்தோஷம் தரும் விஷயம். பாஸ்டனில் இருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரத் தொழிற்கலைகளுக்கென்று அப்போது ஒரு பள்ளி இருந்தது. ரம்பம், அரம், உலை, லேத் என்று கையால் வேலை பழகும் இரண்டு வருஷப் படிப்பு. நம்ம டிப்ளோமாவின் தூரத்து உறவு என்றே சொல்லலாம். 1886-இல், பதினேழு வயசுகூட நிரம்பாமல் அதை முடித்து வெளியே வந்தார். அதன்பின் வேறு பட்டம் எதையும் தேடிப் போகவில்லை. நேராக ஒர்க்ஷாப்புக்குப் போனார்.

சத்தமும் நிசப்தமும்

லின் என்ற ஊரில் ஒரு குண்டு தயாரிக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தபோது, ராத்திரி சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மிதிக்காமலேயே இந்த வண்டி ஓடினால் என்ன? பெட்ரோல் இன்ஜினைப் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. காலியான பீரங்கித் தோட்டா உறை ஒன்றை எடுத்து, அதில் பெட்ரோல் துளி விட்டுக் குலுக்கி, தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்த்தார். எத்தனை துளிக்கு எவ்வளவு வேகமாக வெடிக்கிறது என்று அப்படித்தான் கற்றுக்கொண்டார். (நம் ஒர்க்ஷாப்பில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!) கடைசியில் ஒரு முச்சக்கர சைக்கிளில் தானே செய்த இன்ஜினைப் பொருத்தி ஓட்டினார். அதைக் கேள்விப்பட்டு, ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் இருந்த போப் என்ற சைக்கிள் கம்பெனி 1895-இல் அவரை மோட்டார் வண்டிப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டது. 1899-இல் பிரான்ஃபோர்டு என்ற இடத்தில் நடந்த கார்ப் பந்தயத்தில் அவர் ஜெயித்தும் காட்டினார். கார் இன்ஜினியராகவே இருந்திருந்தாலும் அவர் பெயர் நின்றிருக்கும்.

ஆனால் அவருக்குப் பணமும் பெயரும் தந்தது வேறொன்று. அப்பா உலகத்திலேயே அதிகம் சத்தம் போடும் துப்பாக்கியைச் செய்தவர் இல்லையா? பிள்ளை துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் கருவியைச் செய்தார்! அதுதான் மாக்சிம் சைலன்சர். 1909 மார்ச்சில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குளியல் தொட்டியில் தண்ணீர் சுழன்று சுழன்று இறங்குவதைப் பார்த்து வந்த யோசனை அது என்பார்கள். குண்டின் பின்னால் பாய்ந்து வரும் வாயுவை நேராக வெளியே விடாமல், உள்ளேயே சுழல வைத்து, வேகத்தைக் குறைத்து, மெதுவாக வெளியே விட்டால் சத்தம் குறையும். அதே தத்துவத்தில் பிறகு அவருடைய கம்பெனி இன்ஜின்களுக்கும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் சத்தம் குறைக்கும் சாதனங்கள் செய்தது.

முப்பது மைல்

இப்போது ரேடியோவுக்கு வருகிறேன். 1910-களின் தொடக்கத்தில், பள்ளிப் பையனாக இருந்த தன் மகனோடு சேர்ந்து கம்பியில்லாத் தந்தியில் மாக்சிம் இறங்கினார். பையனுக்கென்று ஆரம்பித்தது, அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது. நம் வீடுகளிலும் நடப்பதுதானே!

அந்தக் கால டிரான்ஸ்மிட்டர் எப்படி என்றால், உயர் மின்னழுத்தத்தால் ஒரு கண்டன்சரை ஏற்றி, அதை ஒரு சிறிய இடைவெளி வழியாகப் பொறியாகப் பாய விட வேண்டும். படார் படார் என்று சத்தம், நீல வெளிச்சம், ஓசோன் நாற்றம். அந்தப் பொறி, காயிலிலும் ஏரியலிலும் அலையை எழுப்பும். மணி அடித்து ஓய்வது போல அந்த அலை எழுந்து உடனே தேய்ந்துவிடும். அலைவரிசையில் அகலமாகப் பரவி அக்கம்பக்கத்து நிலையங்களையெல்லாம் கெடுக்கும். கேட்பதற்குப் பெரும்பாலும் ஒரு கலீனா படிகமும் ஹெட்போனும்தான்.

1912-இல் அமெரிக்க அரசு ஒரு ரேடியோ சட்டம் கொண்டுவந்தது. கப்பல்களுக்கும் கடற்படைக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் இடைஞ்சல் என்று, அவர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் உள்ள பகுதிக்குத் தள்ளிவிட்டார்கள். மெகா ஹெர்ட்ஸில் சொன்னால் 1.5-க்கு மேலே. திறனும் 1 கிலோவாட்டுக்கு மிஞ்சக் கூடாது. நீண்ட அலைதான் நெடுந்தூரம் போகும், குட்டை அலை எதற்கும் உதவாது என்பது அன்றைய பெரியவர்களின் நம்பிக்கை. உபயோகமில்லாத புறம்போக்கைப் பையன்களுக்கு விளையாடக் கொடுத்த மாதிரி.

1914 ஏப்ரலில் ஒரு ராத்திரி. ஹார்ட்ஃபோர்டில் மாக்சிமின் வீட்டில் சட்டம் அனுமதித்த முழு 1 கிலோவாட் நிலையம். ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஒரு ஹாமை அழைக்கிறார். தூரம் சுமார் 30 மைல். நமக்குச் சென்னையிலிருந்து செங்கல்பட்டு மாதிரி. பலமுறை கூப்பிட்டும் பதில் இல்லை. அப்போதுதான் இரண்டு ஊருக்கும் நடுவே வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் ஒருவர் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரை அழைத்தார், அவர் ஸ்பிரிங்ஃபீல்டை அழைத்தார். செய்தி போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். அந்த ஊரில் டெலிபோன் இல்லையா? இருந்தது! உலகத்தின் முதல் வணிக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 1878-இல் திறந்ததே அதே கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில்தான். 1914-இல் மாக்சிம் போன்ற வசதிக்காரர் டெலிபோனில் ஸ்பிரிங்ஃபீல்டைக் கூப்பிட்டிருந்தால் விஷயம் முடிந்தது. தந்தி ஆபீசும் பக்கத்திலேயே இருந்தது. அப்படியிருக்க ஏன் ராத்திரி கண்விழித்துப் பொறி பறக்கத் தட்டிக்கொண்டிருந்தார்? என் நண்பர்கள் என்னைக் கேட்ட அதே கேள்வியை 1914-இலேயே யாராவது அவரைக் கேட்டிருக்கலாம்! போனில் பேசினால் செய்தி போகும், அவ்வளவுதான். அது எப்படிப் போயிற்று, ஏன் போகவில்லை என்பது அவர் கைக்கு வராது. அந்த அறிவுக்காகத்தான் கண்விழித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் பாருங்கள். வேறு யாராக இருந்தாலும் முப்பது மைல் போகாத டிரான்ஸ்மிட்டரைப் பெரிசாக்கத்தான் பார்த்திருப்பார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மாக்சிம் கருவியை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தார். ஒருவர் முப்பது மைல் போனால், நூறு பேர் வரிசையாக நின்றால் நாடே தாண்டலாமே!

லீக் பிறந்தது

ஹார்ட்ஃபோர்டில் 1914 ஜனவரியில் ஒரு ரேடியோ கிளப் ஆரம்பித்திருந்தார்கள். ஏப்ரல் 6-ஆம் தேதிக் கூட்டத்தில் மாக்சிம் தன் திட்டத்தைச் சொன்னார். அப்படி உருவானதுதான் அமெரிக்க ரேடியோ ரிலே லீக். அஞ்சல் ஓட்டப் பந்தயத்தில் கம்பு கைமாறுவது போல, செய்தி நிலையத்துக்கு நிலையம் கைமாறும் அமைப்பு. அவருக்கு உறுதுணையாக நின்ற கிளாரன்ஸ் டஸ்கா யார் தெரியுமா? பதினேழு பதினெட்டு வயசுப் பையன். மாக்சிமுக்கு நாற்பத்து நாலு. தொழிலதிபரும் மீசை அரும்பாத பையனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பப் படிவம் எழுதினார்கள். வயசையும் அந்தஸ்தையும் பார்க்காத இந்தப் பழக்கம் ஹாம்களிடம் அப்போதே வந்துவிட்டது.

அதே வருஷம் செப்டம்பருக்குள் 237 நிலையங்கள் சேர்ந்தன. 1915 டிசம்பரில் இருவரும் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். பெயர் க்யூ.எஸ்.டி. எல்லா நிலையங்களுக்கும் பொதுவான அழைப்பு என்பதற்கான தந்திக் குறியீடு அது. அந்தப் பத்திரிகை இன்றும் வருகிறது. 1917 பிப்ரவரியில், நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குச் செய்தி போய்ப் பதிலும் திரும்பி வர 1 மணி 20 நிமிஷம்தான் ஆயிற்று. வீட்டுக் கூடத்திலும் மாடியறையிலும் உட்கார்ந்திருந்தவர்கள் செய்த வேலை இது.

பூட்டு விழுந்த காலம்

இரண்டே மாசத்தில் எல்லாம் போயிற்று. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஹாம் நிலையங்கள் எல்லாவற்றையும் மூடி, ஏரியலையும் இறக்கிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கேட்பதுகூடக் குற்றம். மோர்ஸ் தெரிந்த ஹாம்கள் ஆயிரக்கணக்கில் ராணுவத்திலும் கடற்படையிலும் சேர்ந்தார்கள். பத்திரிகையும் நின்றது.

போர் 1918 நவம்பரில் முடிந்தது. ஆனால் பூட்டு திறக்கவில்லை. ரேடியோ மொத்தத்தையும் கடற்படையின் கையில் கொடுத்துவிடும் மசோதா ஒன்று காங்கிரசுக்கு வந்தது. அது நிறைவேறியிருந்தால் ஹாம் என்ற இனமே அங்கே அன்றோடு முடிந்திருக்கும். மாக்சிம் வாஷிங்டனுக்குப் போய்க் குழுவின் முன்னால் வாதாடினார். உறுப்பினர்களின் வீடுகளுக்குக் கடிதம் பறந்தது. பிள்ளை போர்முனையில் இருக்க, பெற்றோர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு எழுதினார்கள். மசோதா கிடப்பில் போடப்பட்டது.

அப்போது லீக்கின் கஜானா கிட்டத்தட்ட காலி. மாக்சிமும் சகாக்களும் பழைய உறுப்பினர்களிடம் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, டஸ்காவிடமிருந்து பத்திரிகையை வாங்கி லீக்குக்கே சொந்தமாக்கினார்கள். கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு நிலையம் இல்லை, லைசென்ஸ் இல்லை, திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் வாங்கினார்கள். 1919 ஏப்ரலில் கேட்க அனுமதி வந்தது. அக்டோபரில்தான் அனுப்ப அனுமதி வந்தது. இரண்டரை வருஷம் பூட்டிக் கிடந்த ஒன்றை ஒரு அமைப்பு இருந்ததால்தான் திறக்க முடிந்தது. தனித்தனியாகக் கெட்டிக்காரர்களாக மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

புறம்போக்கில் புதையல்

அடுத்தது கடல். 200 மீட்டரில் அட்லாண்டிக்கைத் தாண்ட முடியுமா? 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற ஹாமை லீக் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரைக்கு அனுப்பியது. குளிரிலும் மழையிலும் நீளமான கம்பி ஏரியலைக் கட்டிக்கொண்டு கேட்டார். அமெரிக்க ஹாம் நிலையங்கள் இருபத்தைந்துக்கும் மேல் அவருக்குக் கேட்டன! அவற்றில் பெரும்பாலானவை பொறி நிலையங்கள் அல்ல, வால்வு கொண்டு தொடர்ச்சியான அலை அனுப்பியவை. பொறியின் காலம் முடிந்தது என்று அதிலிருந்து தெரிந்துபோயிற்று. மாக்சிம் தன் பொறி டிரான்ஸ்மிட்டருக்கு ஓல்டு பெட்சி, அதாவது கிழட்டு பெட்சி, என்று செல்லப் பெயர் வைத்திருந்தார். அவரும் அதை ஓய்வெடுக்க வைத்தார்.

1923 நவம்பரில் இருவழித் தொடர்பே கிடைத்தது. கனெக்டிகட்டில் ஷ்னெல், ரெய்னார்ட்ஸ் என்ற இருவர், பிரான்சின் நீஸ் நகரத்தில் லியோன் டெலாய். அலைநீளம் சுமார் 110 மீட்டர். குட்டை அலை நெடுந்தூரம் போகாது என்று சொன்னவர்கள் வாயடைத்தார்கள். அயனி மண்டலம் அந்த அலைகளைத் திருப்பி பூமிக்கு அனுப்புகிறது. நாம் ஐந்து மதிப்பெண் கேள்வியாக எழுதும் அந்த ஸ்கை வேவ்தான்! உதவாது என்று ஒதுக்கிய புறம்போக்கிலே புதையல் இருந்தது. உடனே கம்பெனிகளும் அரசுகளும் ஓடிவந்து இடம் கேட்டன.

இனி ஒரு நாட்டுக்குள் சங்கம் வைத்தால் போதாது என்று மாக்சிம் புரிந்துகொண்டார். 1925 ஏப்ரல் 18-ஆம் தேதி பாரிசில் சர்வதேச அமெச்சூர் ரேடியோ யூனியன் உருவானது. தொடக்கத்தில் 25 நாடுகள். முதல் தலைவர் மாக்சிம். அந்தத் தேதியைத்தான் உலகமெங்கும் ஹாம்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1927-இல் வாஷிங்டன் சர்வதேச மாநாட்டில் 80, 40, 20 மீட்டர் போன்ற அலைப்பகுதிகள் ஹாம்களுக்கென்று எழுத்திலேயே கிடைத்தன.

கிழவர் யார்?

மாக்சிம் எப்போதும் முறைப்பாகவே இருந்த தலைவர் என்று நினைக்காதீர்கள். க்யூ.எஸ்.டி. பத்திரிகையில் கிழவர் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்தவன் பேசும்போது குறுக்கே தட்டுகிறவன், தவறான மோர்ஸ் அனுப்புகிறவன், அலைவரிசையை அழுக்காக்குகிறவன் எல்லோரையும் கிழி கிழி என்று கிழிப்பார். ஒழுங்கீனமான ஹாம்களைத் தண்டிக்க வூஃப் ஹாங் என்று ஒரு மர்மக் கருவியைக் கற்பனையில் கண்டுபிடித்து, அதன் மாதிரியைத் தலைமையகத்துக்கே அனுப்பி வைத்தார். இந்தக் கிழவர் யார் என்று ஆளாளுக்கு ஊகம். தலைவர் மாக்சிமேதான் அந்தக் கிழவர் என்பது அவர் இறந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. திட்டினால் வருத்தப்படுவார்கள், சிரிக்க வைத்தால் திருந்துவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சினிமா கேமராவிலும் அவருக்கு மோகம் இருந்தது. 1926-இல் பொழுதுபோக்குப் படக்காரர்களுக்கும் ஒரு லீக் தொடங்கினார். வானியலிலும் ஆசை. 1936 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வுக்கூடத்தைப் பார்க்க ரயிலில் கிளம்பினார். வழியில் உடல்நிலை கெட்டு, கொலராடோவின் லா ஹன்டா என்ற ஊரில் இறக்கப்பட்டு, பிப்ரவரி 17-ஆம் தேதி காலமானார். வயது அறுபத்தாறு.

மறு மாசமே ஹார்ட்ஃபோர்டில் பெரிய வெள்ளம். லீக்கின் நிலையம் அதில் அழிந்தது. 1938-இல் நியூயிங்டனில் புது நிலையம் எழுந்தபோது, அதற்கு மாக்சிமின் சொந்த அழைப்புக்குறியையே வைத்தார்கள்: டபிள்யூ 1 ஏ டபிள்யூ. புதிதாகக் கற்பவர்களுக்காக அது இன்றும் மோர்ஸ் பயிற்சி ஒலிபரப்புகிறது. மனிதர் போய்விட்டார், அவர் அழைப்பு இன்னும் வானத்தில் இருக்கிறது.

முடிக்குமுன்

என் நண்பர்களின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, வேறு காரியமாக அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்த இந்திய ஹாம் குழு ஒன்று, அங்கிருந்து செய்திகளை வெளியே அனுப்பி எத்தனையோ குடும்பங்களுக்குத் தகவல் சொன்னது. இது ஒரு பதில். ஆனால் விபத்து வரும் என்று காத்திருந்து யாரும் பொழுதுபோக்கு பழகுவதில்லை. எனக்கு முக்கியமான பதில் மாக்சிமின் முப்பது மைல்தான். போகாத செய்தி ஏன் போகவில்லை என்று தானே தேடுகிறவன்தான் டெக்னீஷியன். நாளை நமக்கு வேலை கொடுப்பவர்கள் கேட்கப்போவதும் அதைத்தான்.

விருப்பம் உள்ளவர்கள் முதலில் கேட்கப் பழகுங்கள். பழைய ஷார்ட்வேவ் செட் ஒன்றும் ஜன்னலுக்கு வெளியே பத்து மீட்டர் கம்பியும் போதும். லைசென்ஸ் இல்லாமல் மட்டும் ஒரு வாட்கூட அனுப்பாதீர்கள், அது குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் பரீட்சையில் கேட்பது பெரும்பாலும் நாம் படித்த பாடம்தான், கூட விதிமுறைகள்.

நான் புத்தகத்தை மறுபடி திறந்துவிட்டேன். சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது என்னோடு சாயந்தரம் மோர்ஸ் தட்டுகிறார்கள். ஒருவன் மெக்கானிக்கல், ஒருத்தி கம்ப்யூட்டர். மூன்று பேர் ஆகிவிட்டோம். வின்ட்சர் லாக்ஸ் வழியாக ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் செய்தி போக மூன்று பேர்தானே தேவைப்பட்டது!

– மின்னணு மற்றும் தொடர்பியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்